வலீமாவுக்கு டீஜேதான் வேணுமா?



கலியாணம் பேசி முடிந்த கையோடு "டீஜே யாரு?" என்று கேட்கிற காலம் இது. ஒரு பக்கம் பாட்டே கூடாது என்கிறோம். மறுபக்கம் நடுச்சாமம் வரை ஸ்பீக்கர் அதிர்கிறது.

ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரழி) அவர்களின் திருமணத்தில் சிறுமியர் தஃப் அடித்துப் பாடியபோது நபி (ஸல்) அவர்கள் அங்கே இருந்ததை புகாரியில் காண்கிறோம். ஒரு வரியைத்தான் திருத்தினார்கள், பாட்டை நிறுத்தவில்லை.

நமது கிழக்கிலும் றபான், பொல்லடி, பெண்களின் குரவை எல்லாம் கலியாண வீட்டுச் சொத்துத்தான். இன்று பொல்லடியைப் பாடசாலை மேடையில்தான் அதிகம் பார்க்கிறோம். பழகிய பிள்ளைகள் பாடசாலையை விட்டதும் கம்பைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஆட இடமில்லை. டீஜேக்குக் கொடுக்கும் காசில் பாதியை அண்ணாவியாருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

நேரத்தையும் முதலே பேசி வையுங்கள். இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி இல்லை என்று உயர் நீதிமன்றம் 2007இலேயே சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டில் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும், படுக்கையில் கிடக்கிற மூத்தம்மாவுக்கும் அழைப்பிதழ் கொடுக்காமல் சத்தத்தை மட்டும் அனுப்புவது என்ன நியாயம்?