'மன்னர்கள்' எப்படி 'மன்னர்' ஆனார்கள்? விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாடல்களில் விடுபடும் அந்த இரண்டாவது பெயர்

சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் வாழைத்தாரும் பலாவும் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு இறங்கும் வண்டிகளில் இன்னமும் பழைய பாட்டுதான் துணை. பென் டிரைவில் இருக்கும் தொகுப்புக்குப் பெரும்பாலும் ஒரே பெயர்: 'எம்.எஸ்.வி. ஹிட்ஸ்'. அதில் 'பாசமலர்' இருக்கும், 'பாலும் பழமும்' இருக்கும், 'ஆயிரத்தில் ஒருவன்' இருக்கும். ஆனால் இந்தப் படங்களின் டைட்டில் கார்டில் இருப்பதோ இரண்டு பெயர்: விஸ்வநாதன் - ராமமூர்த்தி.

அந்த இரண்டாவது பெயர் எங்கே போச்சு?

வெறும் பழங்கதை இல்லை இது. 'குணா' பாட்டுக்காக 'மஞ்சுமல் பாய்ஸ்' தயாரிப்பாளர்களுக்கு 2024-ல் இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. 2025-ல் 'குட் பேட் அக்லி' விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பாட்டு யாருக்குச் சொந்தம் என்பது இன்றைக்குக் காசு சம்பந்தப்பட்ட கேள்வி. அந்த வழக்குகளில் இசையமைப்பாளர் ஒருவர்தான். இருவர் சேர்ந்து போட்ட பாட்டு என்றால்?

சேர்ந்தது எப்படி?

திருச்சியில் வயலின் பரம்பரையில் 1922-ல் பிறந்தவர் டி.கே. ராமமூர்த்தி. பாலக்காடு பக்கம் எலப்புள்ளியில் 1928-ல் பிறந்தவர் எம்.எஸ். விஸ்வநாதன், கையில் ஹார்மோனியம். இருவரும் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் இருந்தவர்கள். 1952-ல் சுப்பராமன் திடீரென்று இறந்துபோக, 'தேவதாஸ்' உள்பட அவர் பாதியில் விட்ட வேலைகளை இவர்கள் முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் இரட்டைப் பெயராக அறிமுகம். இந்தியில் சங்கர்-ஜெய்கிஷன் கொடிகட்டிப் பறந்த நேரம் அது. ஆறு வயது மூத்தவரின் பெயர் இரண்டாவதாக வந்ததை மட்டும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்டு விஸ்வநாதனுடையது, வாத்தியக் கோர்ப்பும் கர்நாடக சங்கீத அஸ்திவாரமும் ராமமூர்த்தியுடையது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. கேட்க வசதியான கணக்குதான். ஆனால் 1964 ஜனவரியில் வந்த 'கர்ண'னையும் அடுத்த மாதமே வந்த 'காதலிக்க நேரமில்லை'யையும் அடுத்தடுத்துக் கேட்டால் இந்தக் கணக்கு இடிக்கும். ஒன்றில் ராகங்களின் அணிவகுப்பு. மற்றதில் கிடாரும் டிரம்ஸும் துள்ளும் ராக் அண்ட் ரோல். யார் எங்கே முடிந்து யார் எங்கே தொடங்கினார்கள் என்று கோடு போட முடியாது. அதுதான் அந்தக் கூட்டணியின் பலமே. (பீட்டில்ஸ் குழு முதன்முதலாக அமெரிக்கா போய் அந்த நாட்டையே ஆட வைத்ததும் அதே 1964 பிப்ரவரியில்தான்.)

'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டத்தை 1963-ல் சென்னையில் நடந்த விழாவில் சிவாஜி கணேசன் வழங்கினார். இரண்டே ஆண்டில் 'கள்' உதிர்ந்தது.

பிரிந்த பிறகு

1965-ல் 'ஆயிரத்தில் ஒருவ'னோடு ஜோடி முடிந்தது. பீட்டில்ஸ் பிரிந்தபோது பால் மெக்கார்ட்னி 1970 டிசம்பர் கடைசி நாளில் வழக்குப் போட்டார். கூட்டு முறைப்படி கலைய 1975 ஆனது. இங்கே அப்படி எந்தக் கோர்ட்டும் இல்லை. டைட்டில் கார்டு மாறியது, அவ்வளவுதான்.

விஸ்வநாதனுக்கு எம்.ஜி.ஆர்., சிவாஜி என இரு பக்கமும் கதவு திறந்தே இருந்தது. ராமமூர்த்தி தனியாகப் போட்ட படங்கள் இருபதைத் தாண்டவில்லை. 'சாது மிரண்டால்', 'தேன் மழை', 'நான்', 'தங்கச் சுரங்கம்' எல்லாம் அவருடையவை. 'மறக்க முடியுமா?' படத்துக்காக மு. கருணாநிதி எழுதிய பாடலுக்கு இசையும் அவர்தான். சரக்கு இல்லாதவர் செய்த வேலையா அது?

திண்டுக்கல்காரர்களுக்கு 1973 மே மாதம் மறக்காது. 11-ம் தேதி 'உலகம் சுற்றும் வாலிபன்' ரிலீஸ். 20-ம் தேதி இடைத்தேர்தல் வாக்குப்பதிவு. அ.தி.மு.க. சந்தித்த முதல் தேர்தல், மாயத்தேவர் ஜெயித்தார். படத்தின் இசை எம்.எஸ். விஸ்வநாதன், தனியாக. எட்டு வருடத்தில் ஒரு தலைமுறையின் காதில் அந்த ஒற்றைப் பெயர் பதிந்துவிட்டது. அதன் வெளிச்சம் பின்னோக்கியும் விழுந்து, 1965-க்கு முந்தைய பாட்டுகளையும் அவர் கணக்கிலேயே சேர்த்துவிட்டது.

1995-ல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். அதற்குள் தமிழ் சினிமா இளையராஜாவையும் பார்த்து, ரஹ்மானுக்கு வந்துவிட்டது. 2012-ல் முதல்வர் ஜெயலலிதா இருவரையும் ஒரே மேடையில் ஏற்றி 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டம் தந்தார். ராமமூர்த்தி 2013 ஏப்ரலிலும், விஸ்வநாதன் 2015 ஜூலையிலும் மறைந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இருவரின் பங்கைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாத படைப்பு, பதிப்புரிமைச் சட்டத்தில் 'கூட்டுப் படைப்பு'. இருவரில் கடைசியாக இறந்தவரை வைத்து 60 ஆண்டுகள் எண்ண வேண்டும். இந்த இசைக்கு அந்தக் கணக்கு 2075 இறுதிவரை போகிறது. ஒலிப்பதிவுக்குக் கணக்கு வேறு. வெளியான ஆண்டிலிருந்து 60. 'ஆயிரத்தில் ஒருவன்' ஒலிப்பதிவின் காலம் 2025 டிசம்பரோடு முடிகிறது. ஒலிப்பதிவு பொதுச்சொத்து ஆனாலும் மெட்டு ஆகாது. ரீல்ஸ் போடுகிறவர்கள் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

காசு விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் படப்பாடலின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2012 திருத்தம்தான் ராயல்டி விஷயத்தில் படைப்பாளிகள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது.

ஆனால் பெயர் வேறு விஷயம். 57-வது பிரிவின்படி, உரிமையை விற்றுவிட்டாலும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை படைப்பாளியை விட்டுப் போகாது. ஆகவே 1952-க்கும் 1965-க்கும் இடையில் அந்த ஜோடி போட்ட ஒரு பாட்டை ஆப்பில் ஏற்றுகிறவர், இசை என்ற கட்டத்தில் ஒரே ஒரு பெயரை டைப் செய்தால் அது சின்னத் தட்டச்சுப் பிழை இல்லை. படத்தின் டைட்டில் கார்டு யூடியூபிலேயே கிடைக்கிறது. பார்த்துவிட்டு டைப் செய்ய ஒரு நிமிடம் ஆகும்.