பறக்கும் வள்ளமும் பழைய வள்ளமும்

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விழாவின் பாய்க்கலப் போட்டிகள் மார்செய்க் கடலில் நடைபெற்றபோது, 1952 முதல் ஒரு விழாவிலேனும் தவறாது இடம்பெற்றுவந்த சிறு வள்ளமொன்று அங்கே காணப்படவில்லை. 'ஃபின்' என்பது அதன் பெயர். நீளம் நாலரை மீற்றர், ஒரே பாய், ஓட்டுபவர் ஒருவர். அதன் இடத்தைக் கவர்ந்துகொண்டவையோ வானிற் பட்டம் விட்டு இழுபட்டு, நீரின்மேல் எழும்பிப் பறந்து செல்லும் பலகைகளாம்.

'பழையன கழிதல் இயற்கைதானே' என்பார் பலர். கழிந்ததற்கு ஆட்சேபம் கூற நான் வரவில்லை. ஃபின் ஒலிம்பிக்கில் ஆண்கள் மட்டும் ஓட்டிய வள்ளம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம இடம் வேண்டுமென்ற கோரிக்கை நேர்மையானது. ஆனால், 'அது மெதுவானது, ஆகவே ஒழிந்தது' என்று சிலர் கூறும் காரணம்தான் எனக்குச் சிறிதும் உடன்பாடன்று. வேகம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், காலை உணவுக்குமுன் கடலோடித் திரும்பும் நீராவிப் படகொன்று இவை யாவற்றையும் எப்போதோ வென்றிருக்கும் அன்றோ?

ஃபின் பிறந்த கதையைச் சற்றே நோக்குவோம். சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் முடிதிருத்துந் தொழில் செய்துவந்தவர் றிக்காட் சார்பி. 1949இல் அவர் வரைந்த வள்ளம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற்குத் தெரிவாயிற்று. 1952இல் அவ்வள்ளத்தில் தாமே போட்டியிட்டு வெண்கலப் பதக்கமும் பெற்றார். தங்கம் பெற்றவர் டென்மார்க்கின் போல் எல்வ்ஸ்ற்றோம். 1948இல் 'ஃபயர்ஃபிளை' என்னும் வள்ளத்திலும், பின் 1952, 1956, 1960 ஆகிய மூன்று விழாக்களில் ஃபின்னிலும் முதலிடம் பெற்ற மாவீரர் அவர். வள்ளத்தின் விளிம்பிற் கால்களைக் கொழுவி, உடலைக் காற்று வரும் பக்கம் வெளியே சாய்த்து, பாயின் பாரத்தைத் தம் தொடைத் தசைகளாலேயே தாங்குவதற்கு வீட்டிலே ஒரு வாங்கு அமைத்துப் பயின்றவர். கனத்த உடலே இவ்வள்ளத்திற்கு வாய்ப்பானது. ஈரத்தில் ஊறிய கம்பளிச் சட்டைகளை அடுக்கி அணிந்து நிறையைக் கூட்டிக்கொண்டோரும் ஒரு காலத்தில் இருந்தனர். அதற்குப் பிற்பாடு விதி வகுத்து எல்லை கட்டினார்கள்.

ஆயினும் பழைமைப் பற்றாளர் மறந்துவிடும் உண்மை ஒன்றுண்டு. இன்று நாம் 'பழைய வள்ளம்' என்று போற்றுவன யாவும் தத்தம் நாளில் பெருங் கலகக்காரராய் வந்தவை. நீரைப் பிளந்து செல்லும் வள்ளம் தான் எழுப்பும் அலைக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். நாலரை மீற்றர் நீளமுள்ளது மணிக்கு ஐந்து கடல் மைலைச் சற்றுத் தாண்டுவதற்குள் திணறிப்போகும். அந்தச் சிறையை உடைத்தவர் இங்கிலாந்தின் உஃபா பொக்ஸ். 1928இல் அவர் கட்டிய 'அவெஞ்சர்' அணியத்தைத் தூக்கி, நீரின் முகத்தில் வழுக்கி ஓடியது. அவ்வாண்டில் 57 போட்டிகளில் இறங்கி 52இல் முதலாவதாக வந்தது என்றால், மற்றையோர் முகம் எவ்வாறிருந்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

பத்தாண்டு கழித்து இன்னொரு கலகம். தென்துருவப் பயணத்தில் மாண்ட கப்டன் ஸ்கொட்டின் மைந்தரும், பிற்காலத்திற் பறவையியலாற் புகழ்பெற்றவருமான பீற்றர் ஸ்கொட், ஜோன் வின்ரருடன் சேர்ந்து 1938இல் வேல்ஸ் இளவரசர் கிண்ணத்திற்குப் போட்டியிட்டார். பாய்மரத்தின் உச்சியிலிருந்து தொங்கிய கம்பியிலே ஒருவர் இடுப்பை மாட்டி, கால்களை விளிம்பில் ஊன்றி, முழுவுடலையும் கடலின்மேல் நீட்டி நின்றார். கிண்ணம் கிடைத்தது, அடுத்து அந்தக் கம்பிக்கே தடையும் கிடைத்தது! இன்று 470 வள்ளத்தில் ஒருவரும் 49இஆர் வள்ளத்தில் இருவரும் அவ்வாறே தொங்குகின்றனர். அதனைக் கண்டு எவரும் முகஞ் சுளிப்பதில்லை.

ஆகவே பறக்கும் வள்ளத்தையும் நான் வெறுக்கவில்லை. 1928இல் அவுஸ்திரேலியாவின் இன்வர்லொக் என்னும் ஊரில் லென் மொறிஸ் கட்டிய பதினோரடிக் குட்டி வள்ளத்தின் வழிவந்ததே இன்றைய 'மொத்'. நடுப்பலகையின் அடியிலும் சுக்கானின் அடியிலும் மீனின் செட்டைபோற் கிடையாகப் பொருத்திய தகடுகள், வேகம் பிறந்ததும் வள்ளத்தின் உடலை முற்றாக நீருக்கு மேலே தூக்கிவிடுகின்றன. அணியத்திலிருந்து நீரைத் தடவிவரும் மெல்லிய கோலொன்று உயரத்தை அறிந்து, தகட்டின் மடலை ஏற்றியும் இறக்கியும் சமன் செய்கிறது. மணிக்கு முப்பது கடல் மைலுக்கு மேலும் அது பாயும். மனித மூளையின் அழகான வேலைப்பாடு இதுவென்பதில் ஐயமில்லை.

இடையே ஒரு சொல். தகடுகளால் எழும்பும் 'நக்றா 17' என்னும் ஒலிம்பிக் கலத்தை மேனாட்டார் 'கற்றமறான்' என்கின்றனர். சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. பொருளோ பசிபிக் தீவினரின் இரட்டை உடற்கலம். சொல்லை மட்டும் ஏற்றுமதி செய்துவிட்டு நாம் பெருமை பேசுவதில் பயனென்ன?

என் வழக்கு வேறிடத்திலே கிடக்கிறது. வள்ளத்தைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் யார் கையில் இருக்கின்றன என்பதே அது. 1963இல் இலண்டன் நாளிதழ் ஒன்று, 'டெயிலி மிரர்', தன் பெயரிலேயே ஒரு வள்ளத்தை வெளியிட்டது. ஜாக் ஹோல்ற்றும் தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சுவேலை கற்பித்துவந்த பெரி பக்னெலும் அதை அமைத்தனர். ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியாற் சட்டை தைப்பதுபோலத் தைத்து, மூட்டுகளைக் கண்ணாடி நார்ப் பட்டையும் பசையும் கொண்டு மூடிவிட்டால் வள்ளம் தயார். விலை 63 பவுண் 11 சிலிங். பாயின் நிறம் பத்திரிகையின் சிவப்பு. எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. அவற்றுட் பல, குடும்பத்தினர் வீட்டின் முன்னறையில் வைத்துத் தைத்தவை. வாசகனுக்குக் கடலையே கொண்டுவந்து கொடுத்த பத்திரிகையை எண்ணும்போது, பத்திரிகையில் எழுதும் எனக்குச் சிறிது பொறாமையும் உண்டு.

காபன் நாரினால் வார்த்த தகடொன்று பாறையில் மோதிச் சிதைந்தால், அந்தக் குடும்பம் என் செய்யும்? தொழிற்சாலைக்குப் பணம் அனுப்பிக் காத்திருக்கும். ஃபின்னும் இக்குற்றத்தினின்று தப்பியதன்று. மரத்தாலான அதன் பாய்மரம் உலோகமாகி, பின் காபனாகிப் பணப்பையை மெலிவித்த வரலாறு அதற்கும் உண்டு. இருந்தும், ஒலிம்பிக்கை இழந்த பின்னரும் அதன் தங்கக் கிண்ணப் போட்டி நின்றுவிடவில்லை. நரைத்த தலையினரும் இளைஞரும் ஒரே வரிசையில் நின்று அதில் ஓட்டுகின்றனர். முப்பது கடல் மைல் வேகத்தில் விழுந்தெழுவதற்கு அறுபது வயது முழங்கால்கள் எளிதில் இணங்குமோ?

சிறுவருக்குப் பாய்விடக் கற்பிக்கும் சங்கங்களுக்கு நான் கூறுவது இதுவே. முதல் வள்ளத்தை வாங்கிக் கொடாதீர்கள். நான்கு ஒட்டுப்பலகையும் ஒரு சுருள் செப்புக் கம்பியும் கொடுங்கள். தம் கையால் தைத்த வள்ளத்தில் ஒரு பருவம் ஓடி, இரண்டொரு முறை கவிழ்ந்து, ஓட்டையைத் தாமே அடைத்த பிறகு, பறக்கும் வள்ளத்தை அவர்கள் விரும்பினால் வாங்கிக்கொள்ளட்டும்.