முதலில் தண்ணீர், பிறகு மீன்!

வீட்டில் கடல் மீன் வளர்ப்பது இனிய பொழுதுபோக்கு. ஆனால், குழாய் வேலையில் அவசரம் கூடாது.

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. குழாய் இணைப்பில் கசியும் நீர் காய்ந்துவிடும். உப்பு மட்டும் வெள்ளையாகப் படியும். அதுதான் எச்சரிக்கை. அதைத் துடைத்துவிட்டுச் சும்மா இருக்கலாகாது.

செம்பு, பித்தளை இணைப்புகள் ஆகா. செம்பு கரைந்தால் இறாலுக்கும் பவளத்துக்கும் நஞ்சு. பி.வி.சி. குழாயே ஏற்றது.

மின்சாரம் நின்றால், மேலே உள்ள நீர் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டிக்குத் திரும்பும். அதில் இடம் இல்லாவிட்டால் வீடு நனையும்.

ஆகவே, முதலில் நல்ல தண்ணீரை நிரப்புங்கள். பம்பை ஓட்டுங்கள், நிறுத்தியும் பாருங்கள். ஒழுகினால் தரையைத் துடைத்துக்கொள்ளலாம். மீனை விட்டபின் ஒழுகினால், வாயில்லா உயிரல்லவா பலியாகும்?