தேர்வில் தேறினால் மட்டும் போதுமா?

 

கணினிக் கல்வி பயின்ற பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இந்நாட்களில் ஒரு சான்றிதழின் பெயர் அடிக்கடி பேசப்படுகிறது. சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்பது அது. வங்கிகள், மருத்துவமனைகள், விமான நிறுவனங்கள் முதலியவற்றின் கணினிகளிலுள்ள தகவல்களைக் களவினின்றும் அழிவினின்றும் காக்கும் பணியில் தேர்ந்தோருக்கு வழங்கப்படுவது. 1989-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய ஐ.எஸ்.சி.2 என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு, 1994 முதல் இதனை வழங்கி வருகிறது.

தேர்வு 3 மணி நேரம். 100 முதல் 150 வினாக்கள். 1000-க்கு 700 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. சில மாதங்கள் கண்விழித்துப் படிக்கும் பிள்ளைக்கு இது எட்டாக் கனியன்று. ஆனால் தேர்வில் தேறியவுடன் சான்றிதழ் கைக்கு வந்துவிடுவதில்லை. '5 ஆண்டுப் பணி அனுபவம் எங்கே?' என்று அந்த அமைப்பு கேட்கிறது. இங்குதான் பல பெற்றோர் திகைத்து நிற்கின்றனர்.

இந்த வேளையில் வீட்டிற்கு வரும் நலம்விரும்பி ஒருவர், "இதற்கா கவலைப்படுகிறீர்கள்? நம் உறவினரின் கம்பெனி இருக்கிறது. ஐந்து வருடம் வேலை செய்ததாக ஒரு கடிதம் வாங்கித் தருகிறேன்" என்கிறார். பணம் பெற்றுக்கொண்டு இத்தகைய கடிதம் தருவோரும் உண்டு. பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணிப் பெற்றோரின் மனம் சற்றுத் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்திற்கு இடமே இல்லை. நேர்வழியே போதுமான அளவு அகலமாயிருக்கிறது என்பதை எடுத்துரைக்கவே இம்மாதம் இதனை எழுதுகிறேன்.

முதலாவதாக, 'பாதுகாப்பு அதிகாரி' என்ற பதவிப் பெயர் இருந்தால்தான் அனுபவம் என்று பலர் கருதுகின்றனர். இது தவறான எண்ணம். தகவல் பாதுகாப்புப் பணியை அந்த அமைப்பு 8 துறைகளாக வகுத்துள்ளது. இடர்களை ஆராய்ந்து நிர்வகித்தல், தகவல் உடைமைகளைக் காத்தல், பாதுகாப்பான கட்டமைப்பை அமைத்தல், வலைப்பின்னலைக் காத்தல், யார் எதனைப் பார்க்கலாம் என்று அனுமதி வழங்குதல், சோதித்து மதிப்பிடுதல், அன்றாடக் கண்காணிப்பு, மென்பொருளைப் பாதுகாப்பாக உருவாக்குதல் என்பன அவை. இவற்றுள் இரண்டிலேனும் பணியாற்றியிருந்தால் போதும். வங்கியொன்றின் கணினிப் பிரிவில், புதிய ஊழியருக்குக் கணக்குத் திறந்து, விலகியவரின் கணக்கை மூடும் இளைஞர் அனுமதித் துறையின் பணியையே செய்கிறார். வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அவரே கவனிப்பாராயின், வலைப்பின்னல் துறையிலும் அவருக்கு அனுபவம் சேர்கிறது.

இரண்டாவதாக, அந்த 5 ஆண்டுகள் இடைவிடாது தொடர வேண்டும் என்பதில்லை. பல இடங்களில் செய்தவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். திருமணம், மகப்பேறு ஆகியவற்றின் பொருட்டுப் பணியை விட்டு இல்லத்திலிருந்த நம் சகோதரிகள் இதனைக் கவனிக்க வேண்டும். முன்னர் உழைத்த இரண்டு ஆண்டுகள் வீணாகிவிட்டன என்று மனம் சோர வேண்டாம். மீண்டும் பணியேற்கும்போது விட்ட இடத்திலிருந்தே எண்ணிக்கை தொடரும்.

மூன்றாவதாக, கணக்கிடும் முறை. வாரத்திற்கு 35 மணி நேரத்திற்குக் குறையாமல் 4 வாரங்கள் உழைத்தால் அது ஒரு மாத அனுபவம். வாரத்திற்கு 20 முதல் 34 மணி நேரம் வரையிலான பகுதிநேரப் பணியும் ஏற்கப்படும். அவ்வாறு உழைத்த 1040 மணி நேரம் 6 மாதங்களுக்குச் சமம். சம்பளமின்றிச் செய்த பயிற்சிப் பணிக்குக்கூட, நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுதிய சான்று இருந்தால் மதிப்புண்டு. கணினித் துறைப் பட்டமோ, அந்த அமைப்பு ஏற்ற வேறொரு சான்றிதழோ இருப்பின் ஓராண்டு கழித்துக்கொள்ளப்படும். இரண்டும் இருந்தாலும் கழிவு ஓராண்டுதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். கணினி அறிவியல் பட்டதாரி ஒருவர். பட்டத்திற்காக ஓராண்டு. வாரம் 20 மணி நேரம் வீதம் 52 வாரங்கள் பாதுகாப்புத் துறையில் செய்த பகுதிநேரப் பணிக்காக 6 மாதங்கள். அதே துறையில் முழுநேரப் பணி 2 ஆண்டுகள். ஆக மூன்றரை ஆண்டுகள் கைவசம் உள்ளன. எஞ்சியது ஒன்றரை ஆண்டுகளே! கையில் ஒன்றுமில்லை என்று பொய்க் கடிதம் தேடிப் புறப்பட்டவர், தாளில் எழுதிக் கூட்டியபோது தம்மிடமிருப்பதைக் காண்கிறார்.

எஞ்சிய ஒன்றரை ஆண்டுகளுக்கும் வழியுண்டு. அனுபவம் நிறையும் முன்பே தேர்வு எழுதலாம். தேறியவர் 'அசோசியேட்' என்னும் நிலையில் வைக்கப்படுவார். அனுபவத்தை நிறைவு செய்ய 6 ஆண்டுகள் அவகாசம் தரப்படுகிறது. அதுவரை சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்று பெயருக்குப் பின் போட்டுக்கொள்ளலாகாது. ஆண்டுக் கட்டணம் செலுத்திக் கல்வியையும் தொடர வேண்டும்.

அனுபவம் நிறைந்தவர், தேர்வில் தேறிய 9 மாதங்களுக்குள் தம் பணி விவரங்களைச் சமர்ப்பிக்க வேண்டும். ஏற்கனவே அந்த அமைப்பின் சான்றிதழ் பெற்ற ஒருவர், 'இவர் கூறுவன உண்மையே' என்று சாட்சி பகர வேண்டும். அத்தகையவரை அறியாதோருக்கு அந்த அமைப்பே அப்பொறுப்பை ஏற்கும். சில விண்ணப்பங்களைத் தெரிந்தெடுத்துத் தணிக்கையும் செய்வார்கள். பொய் வெளிப்பட்டால் சான்றிதழ் போவது மட்டுமல்ல, சாட்சி சொன்னவரின் நற்பெயரும் கெடும்.

ஏன் இத்தனை கட்டுப்பாடு என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு விவரங்களும் நோயாளிகளின் அந்தரங்கங்களும் இவரிடம் அமானிதமாக ஒப்படைக்கப்படுகின்றன. புத்தக அறிவைத் தேர்வு காட்டிவிடும். நள்ளிரவில் கணினி முடங்கும்போது பதறாமல் நிற்பதையும், பூட்டைத் திறக்கத் தெரிந்தும் திறவாதிருப்பதையும் ஆண்டுகளே காட்டும். காவல் வேலைக்குப் பொய்க் கடிதத்துடன் வருபவனை எந்த வீட்டுக்காரர் வாசலில் நிறுத்துவார்?

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளிடம் இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். எந்த நாளில் சேர்ந்தார், வாரத்திற்கு எத்தனை மணி நேரம், என்ன பணி, மேற்பார்வையாளர் யார் என்பவற்றை எழுதி வரட்டும். ஒரு நிறுவனத்தை விட்டு விலகும்போது, சம்பளப் பாக்கியைக் கேட்பது போலவே, செய்த பணியை விவரிக்கும் கடிதத்தையும் கேட்டுப் பெறட்டும். சில ஆண்டுகள் கழிந்து கேட்டால், அந்த மேலாளரும் இருக்கமாட்டார். சில வேளைகளில் அந்த நிறுவனமே இருக்காது.

இளைஞர்களே! ஒன்றரை ஆண்டு தாமதம் வாழ்க்கையில் பெரிதன்று. உழைத்துச் சேர்த்த அனுபவத்தை எந்தத் தணிக்கையாளர் முன்பும் தலைநிமிர்ந்து காட்டலாம். விலைக்கு வாங்கிய கடிதத்தை வைத்திருப்பவரோ, ஒவ்வொரு முறை தொலைபேசி ஒலிக்கும்போதும் அஞ்ச வேண்டியிருக்கும். எது வேண்டும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.