சிடுமூஞ்சி டொக்டரும் உம்மாவின் குளிசைகளும்



மரியாதை தெரியாத ஒரு டொக்டர். நோயாளியைப் பார்க்கவே விரும்பமாட்டார். பார்த்தாலோ, குத்தலாக ஏதாவது சொல்லிக் கண்ணீர் வரவைத்துவிடுவார். நோயாளிகள் எல்லோரும் பொய் சொல்பவர்கள் என்பது அவருடைய கட்சி. இப்படிப்பட்டவரை நம் வீட்டு வாசலில்கூட நிற்கவிடுவோமா? ஆனால், இரவு வேலைகள் முடிந்ததும் மகளின் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, இவருடைய கதையை நாங்கள் ஆவலோடு பார்க்கிறோம்!

‘ஹவுஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைத்தான் சொல்கிறேன். 2004 முதல் 2012 வரை 177 பகுதிகள் ஒளிபரப்பானது. டொக்டராக நடித்த ஹியூ லோரி ஓர் ஆங்கிலேயர். நிஜத்தில் ஒரு டொக்டரின் மகன். துருக்கியிலும் 2019இல் இக்கதையைத் தழுவி ‘ஹெகிமோலு’ என்றொரு தொடர் எடுத்தார்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது இந்தச் சிடுமூஞ்சியிடம்? எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர் விடமாட்டார். மற்றவர்கள் கைவிட்ட நோயாளியின் வருத்தத்துக்குக் காரணம் தெரியும்வரை அவருக்கு நிம்மதி இல்லை. காலையிலேயே பஸ் ஏறி, வரிசையில் நின்று, இரண்டே நிமிடத்தில் துண்டோடு வெளியே வருகிற நமக்கு, ஒருவர் நம் வருத்தத்தைப் பற்றி இரவு பகலாக யோசிப்பது கனவு போலத்தானே இருக்கும்?

அது வெறும் கனவுமல்ல. ஜெர்மனியின் மார்பர்க் நகரில் யுர்கன் ஷேஃபர் என்ற மருத்துவப் பேராசிரியர் இத்தொடரை வைத்தே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். 2012இல், காரணம் தெரியாமல் இதயம் பலவீனமான ஒருவர் அவரிடம் வந்தார். தொடரில் பார்த்த ஒரு பகுதி நினைவுக்கு வர, நோயாளியின் செயற்கை இடுப்பு மூட்டிலிருந்து கோபால்ட் என்ற உலோகம் இரத்தத்தில் கலந்திருப்பதைக் கண்டுபிடித்தார்.

ஆனால் சகோதரிகளே, ஒரு விஷயத்தில் நாம் ஏமாந்துவிடக்கூடாது. தொடரில் டொக்டரின் கடுகடுப்பு உண்மையை வெளியே கொண்டுவருகிறது. வாழ்க்கையில் அது உண்மையை உள்ளே தள்ளிவிடுகிறது. என் உம்மாவுக்கு நடந்ததைக் கேளுங்கள்.

உம்மாவுக்குப் பிரஷர். குளிசை கூடினால் கிட்னி பழுதாகும் என்று யாரோ சொன்னதை நம்பி, பாதியைத்தான் போட்டுவந்தார். ஒருநாள் கிளினிக்கில், குளிசை தவறவிட்ட ஒரு பெண்ணுக்கு டொக்டர் எல்லோர் முன்னாலும் ஏசினார். அடுத்தது உம்மா. “ஒழுங்காகப் போடுகிறீர்களா?” என்று கேட்டதும், “ஓம் மகன், ஒழுங்காகத்தான் போடுறேன்” என்றுவிட்டார். அப்படியும் பிரஷர் குறையவில்லையே என்று டொக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார்.

இது தெரியாத நான், சீனன்குடாவுக்கு உம்மாவைப் பார்க்க வந்தபோது, துண்டில் உள்ளபடி எல்லாக் குளிசைகளையும் கொடுத்தேன். மூன்றாம் நாள் சுபஹுக்கு எழுந்தவர் அப்படியே மயங்கி விழுந்தார். பிரஷர் அளவுக்கு மேல் இறங்கியிருந்தது. வாட்டில் வயதான ஒரு மிஸி கட்டிலில் உட்கார்ந்து, “என்னம்மா, சரையில் இவ்வளவு குளிசை மிச்சம் இருக்கிறதே?” என்று மெதுவாகக் கேட்டார். உம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அல்லாஹ்வின் கிருபையால் இரண்டு நாளில் வீடு வந்தோம்.

ஏச்சு ஒரு பொய்யைப் பிறப்பித்தது. ஓர் அன்பான கேள்வி அதைத் தீர்த்தது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. குடிக்கும் கசாயம், நோன்பு பிடித்திருப்பது, வெட்கப்பட்டு மறைக்கும் பெண் வருத்தங்கள் இவற்றையெல்லாம் டொக்டரிடம் சொல்கிறோமா? ஏசினாலும் சொல்லுங்கள். மிச்சக் குளிசைகளைச் சரையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வீட்டில் வயதானவர்களிடம், “ஏன் போடவில்லை?” என்று அதட்டாமல், “இந்தக் குளிசை என்ன செய்கிறது உம்மா?” என்று கேளுங்கள்.

அந்தத் தொடரின் டொக்டருக்கும் ஒரு கதை உண்டு. தொடையில் இரத்தக் குழாய் அடைத்ததை மற்ற டொக்டர்மார் நேரத்தோடு கண்டறியாததால் நொண்டியானவர் அவர். வலிக்குப் போட்ட குளிசைக்கே அடிமையாகி, அதை மறைக்கப் பொய்யும் சொன்னவர்.

அவரிடமும் யாராவது கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டிருக்கலாம், இல்லையா?