சொந்தக் கொட்டை இலவசம் அல்ல

கீழ்ப்பழனி மலையில் மூன்று ஏக்கரில் காபி பயிரிடும் விவசாயி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் வத்தலகுண்டு - கொடைக்கானல் சாலையோரம் சிறிய காபிக் கடை ஒன்றைத் தொடங்கினார். தன் தோட்டத்துக் கொட்டையை வறுத்து அரைத்து, வடிகட்டிய டிகாக்‌ஷனில் நல்ல காபி கொடுத்தார். குடித்தவர்கள் பாராட்டினார்கள். ஆனாலும் கடை 14 மாதங்கள்தான் நடந்தது.

மூடிய பிறகு அவரைச் சந்தித்தேன். "கடை நட்டம்னு சொல்ல முடியாது சார். வாடகை, சம்பளம், கடன் தவணை எல்லாம் கடைக் காசுலதான் கட்டினேன். ஆனா, பழம் பறிச்ச ஆளுங்களுக்குக் கூலி கொடுக்கக் கையில காசு இல்ல" என்றார்.

அவர் சொன்ன இரண்டும் உண்மை. கடைக் கணக்கில் நட்டம் தெரியவில்லை. தோட்டத்தில் விளைந்த ஓர் ஆண்டுக் காபி மட்டும் காணாமல் போயிருந்தது. கடை அதைக் காசு கொடுக்காமல் குடித்துவிட்டது.

இதில் எனக்கும் பங்கு உண்டு. நான் பேசிய ஒரு பயிற்சி வகுப்பில் அவரும் உட்கார்ந்திருந்தார். 'கொட்டையாக விற்காதீர்கள், தூளாக்கி, காபியாக்கி விற்றால் பல மடங்கு லாபம்' என்று அன்று சொன்னேன். மதிப்புக் கூட்டல் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்வதுதான். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு கோப்பையின் கணக்கு

பழத்தின் தோலை உரித்து, கழுவி, உலர்த்திய கொட்டைக்குப் பார்ச்மென்ட் என்று பெயர். ஒரு கிலோ பார்ச்மென்ட்டின் மேல் ஓட்டை நீக்கினால் ஏறக்குறைய 800 கிராம் பச்சைக் கொட்டை கிடைக்கும். வறுக்கும்போது எடையில் 15 முதல் 20 சதவீதம் குறையும். கடைசியில் கைக்கு வருவது சுமார் 660 கிராம் தூள்.

பார்ச்மென்ட் விலை கிலோ ரூ.400 என்று வைத்துக்கொள்வோம். காபி விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். உங்கள் ஊரில் இன்று என்ன விலையோ, அதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ரூ.400 என்றால், ஒரு கிலோ தூளில் கொட்டையின் விலை மட்டும் ஏறக்குறைய ரூ.600. ஓடு நீக்க, வறுக்க, அரைக்க ரூ.100 சேர்த்தால் தூளின் அடக்க விலை ரூ.700.

ஒரு கோப்பைக்கு 10 கிராம் தூள் ரூ.7. பால் 100 மில்லி ரூ.5. சர்க்கரை 50 காசு. எரிவாயு, தண்ணீர், மீந்து கொட்டும் டிகாக்‌ஷன், பிற சேதாரம் ரூ.2.50. ஆக மொத்தம் ரூ.15. கோப்பையை ரூ.25க்கு விற்றால் மிஞ்சுவது ரூ.10.

இனி மாதச் செலவு. கடை வாடகை ரூ.12,000. இரண்டு ஆள் சம்பளம் ரூ.30,000. அதில் ஒருவர் நீங்களாகவோ உங்கள் வீட்டம்மாவாகவோ இருந்தாலும் சம்பளத்தை எழுதத்தான் வேண்டும். மின்சாரம் ரூ.3,000. மூன்று லட்சம் ரூபாய் கடனை மூன்று ஆண்டுகளில் அடைக்கத் தவணை ரூ.10,000. பழுது, உடைந்த சாமான், இதர செலவு ரூ.5,000. கூட்டினால் ரூ.60,000.

கோப்பைக்கு ரூ.10 வீதம் இந்த அறுபதாயிரத்தை எடுக்க மாதம் 6,000 கோப்பை விற்க வேண்டும். அதாவது மழையோ வெயிலோ, தினமும் 200 கோப்பை.

நட்டம் மறைந்திருக்கும் இடம்

மலைச் சாலைக் கடையில் சனி, ஞாயிறு கூட்டம் நெரியும். திங்கள்கிழமை ஈ ஓட்ட வேண்டியிருக்கும். விடுமுறை நாளில் 300 கோப்பை, மற்ற நாளில் 60 கோப்பை என்று கொண்டால் மாதத்துக்கு 3,720 கோப்பை. வருமானம் ரூ.37,200. செலவு ரூ.60,000. மாதம் ரூ.22,800 குறைகிறது.

இப்போது அந்த விவசாயி போட்ட கணக்கைப் பாருங்கள். கொட்டை தன் தோட்டத்தில் விளைந்ததால் அதற்கு அவர் விலை போடவில்லை. கோப்பைக்கு ரூ.6 செலவு குறைந்ததுபோல் தெரிந்தது. மிச்சம் ரூ.10 அல்ல, ரூ.16. அதை 3,720 கோப்பையால் பெருக்கினால் ரூ.59,520. செலவு ரூ.60,000. 'வரவுக்கும் செலவுக்கும் சரியாக இருக்கிறது, போகப்போக லாபம் வரும்' என்று அவர் நம்பியதில் வியப்பில்லை.

ஆனால், மாதந்தோறும் 56 கிலோ பார்ச்மென்ட், சந்தையில் விற்றிருந்தால் ரூ.22,000க்கு மேல் தந்திருக்கும் சரக்கு, கோப்பைகளில் போய்க்கொண்டிருந்தது. 14 மாதங்களில் ஏறக்குறைய 790 கிலோ. ஏக்கருக்கு 250 கிலோ பார்ச்மென்ட் எடுக்கும் மூன்று ஏக்கர் தோட்டத்தின் ஓர் ஆண்டு விளைச்சலே 750 கிலோதான்.

ஆகவே, கடை தொடங்க நினைப்பவர்களுக்கு முதல் விதி இது: கடைக்கு ஒரு நோட்டு, தோட்டத்துக்கு ஒரு நோட்டு. கடைக்கு எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும், அன்றைய சந்தை விலையைக் கடை தோட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாத கடை, தோட்டத்தைத் தின்னும் கடை.

இன்னொன்றும் இந்தக் கணக்கில் தெரிகிறது. 25 ரூபாய்க் கோப்பையில் கொட்டையின் பங்கு 6 ரூபாய்தான், கால் பங்குகூட இல்லை. மீதி பால், வாடகை, ஆள், இடம். 'என்னிடம் கொட்டை இருக்கிறது' என்பது மட்டும் காபிக் கடை தொடங்கப் போதுமான காரணம் ஆகாது.

காபியைக் காட்டி, தூளை விற்பது

அப்படியானால் விவசாயி கடை தொடங்கவே கூடாதா? தொடங்கலாம். ஆனால், கோப்பையை நம்பி அல்ல, தூளை நம்பி.

அதே கடையில், குடிக்க வரும் 12 பேரில் ஒருவர் 200 கிராம் தூள் பொட்டலம் ஒன்றை ரூ.220க்கு வாங்கிச் சென்றால், மாதம் 300 பொட்டலம், 60 கிலோ தூள். பொட்டலச் செலவும் சேர்த்துக் கிலோவுக்கு அடக்கம் ரூ.750, விற்பனை ரூ.1,100. மாதம் ரூ.21,000 கிடைக்கும். ரூ.22,800 பள்ளம் ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. அதே பொட்டலத்தைத் தபாலிலோ கூரியரிலோ மறுபடி கேட்டு வாங்குபவரிடம்தான் உண்மையான லாபம் தொடங்குகிறது. அவருக்கு அனுப்பும் தூளுக்குக் கூடுதல் வாடகையும் இல்லை, பாலும் இல்லை.

இது புதிய யோசனை அல்ல. 1930களில் 'இந்தியா காபி ஹவுஸ்' கடைகள் தொடங்கப்பட்டதே, உள்நாட்டில் காபி குடிக்கும் பழக்கத்தைப் பரப்பி, விளைந்த காபிக்குச் சந்தை தேடத்தான். 1950களில் காபி வாரியம் அவற்றை மூடத் தொடங்கியபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலன் வழிகாட்டுதலில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து எடுத்து நடத்தினார்கள். ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகளின் காபியைக் கிரிஜன் கூட்டுறவுக் கழகம் கொள்முதல் செய்து, தூளாகவும் விற்கிறது. ஊர்ப் பெயரே அங்கே விற்பனைக்கு உதவுகிறது.

கூட்டு முயற்சிக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. மேலே சொன்ன கடைக்குக் கோப்பைக்கும் பொட்டலத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,760 கிலோ பார்ச்மென்ட் தேவை. அது ஏழு ஏக்கர் விளைச்சல். மூன்று ஏக்கர்காரர் ஒருவரால் ஆகாது. தண்டிக்குடியோ, ஏற்காடோ, கொல்லிமலையோ, அக்கம்பக்கத்து விவசாயிகள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பெயரில் ஒரு கடை வைப்பதே பொருந்தும்.

எதை முதலில் செய்வது?

கடையை முதலில் திறக்காதீர்கள். முதல் ஆண்டு தூள் மட்டும் விற்றுப் பாருங்கள். வறுக்கும் இயந்திரம் வாங்க வேண்டாம். கூலிக்கு வறுத்து அரைத்துக் கொடுப்பவர்களிடம் கொடுத்து, 20 கிலோ தயாரித்து, உறவினர், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் என்று தெரிந்தவர்களுக்கு விலைக்கே கொடுங்கள். இலவசமாகக் கொடுத்தால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் முறை காசு கொடுத்துக் கேட்பவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

அடுத்து, வாரச் சந்தையிலோ திருவிழாவிலோ ஒரு மேசை போட்டு, ஒரு மாதம் காபி விற்றுப் பாருங்கள். கடைக்கு இடம் பார்க்கும்போது ஒரு விடுமுறை நாளும் இரண்டு வேலை நாளும் அங்கே உட்கார்ந்து, எத்தனை வண்டி போகிறது என்பதை விட எத்தனை வண்டி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்த இடமும் கழிப்பறையும் இல்லாத மலைச் சாலைக் கடையில் எவ்வளவு நல்ல காபி கொடுத்தாலும் குடும்பத்தோடு வருபவர்கள் இறங்க மாட்டார்கள்.

இன்னொரு சிக்கலைக் காபி விவசாயிகள் மட்டுமே உணர முடியும். அராபிகா பழம் சிவந்து பறிப்புக்கு வருவது பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை. பறித்த அன்றே தோலுரித்தாக வேண்டும், உலர்களத்தில் ஆள் நிற்க வேண்டும். டிசம்பர் கடைசி வாரத்தில்தான் மலைக்குக் கூட்டமும் வரும். அந்த நாட்களில் கல்லாவில் யார், களத்தில் யார் என்பதைக் கடை திறக்கும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

தரம் தோட்டத்தில்தான்

கடைக்காரர் ஆன விவசாயி செய்யக்கூடாத தவறு, நல்ல கொட்டையை வியாபாரிக்கு விற்றுவிட்டு, கழித்த கொட்டையைத் தன் கடைக்கு வைத்துக்கொள்வது. உங்கள் பெயர் எழுதிய பொட்டலத்தில் போவது உங்கள் சிறந்த கொட்டையாக இருக்க வேண்டும். சிவந்த பழத்தை மட்டும் பறியுங்கள். தண்ணீரில் போட்டு, மிதக்கும் பழத்தை ஒதுக்குங்கள். ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் வரும்வரை உலர்த்துங்கள். உரம், பூச்சிமருந்து, மிளகு, ஏலம் பக்கத்தில் மூட்டையை வைக்காதீர்கள், கொட்டை வாடையை இழுத்துக்கொள்ளும். வறுத்ததை அந்தந்த வாரத்துக்கு மட்டும் அரையுங்கள்.

சிக்கரி கலப்பது தவறல்ல, மறைப்பதுதான் தவறு. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் உள்ளாட்சி அமைப்பின் உரிமமும் தேவை. மலைப் பகுதியில் புதிதாகக் கட்டடம் எழுப்பும் முன் அனுமதி விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைக்குத் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை இருக்கிறது. டம்ளர், டபராவே நல்லது, காபிக்கும் அழகு.

வறுப்பு, சுவை பற்றிய பயிற்சியைக் காபி வாரியம் பெங்களூருவில் 'காபி சாஸ்திரா' என்ற பெயரில் நடத்துகிறது. சாகுபடி பற்றிய ஐயங்களுக்குத் தண்டிக்குடியில் வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை

மதிப்புக் கூட்டல் பயிற்சி என்றால் இயந்திரத்தைக் காட்டுகிறோம், மானிய விண்ணப்பத்தைக் கொடுக்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். மானியம் இயந்திரம் வாங்க உதவும், திங்கள்கிழமை வாடிக்கையாளரைக் கொண்டுவராது. இனி விண்ணப்பத்தோடு ஒரு வெற்றுக் கணக்குத் தாளையும் கொடுப்போம். விளைபொருளுக்குச் சந்தை விலை, வீட்டாருக்குக் கூலி, கூட்டம் இல்லாத நாளின் விற்பனை - இந்த மூன்று கட்டங்களையும் விவசாயி தன் கையால் நிரப்பிய பிறகு, கையெழுத்து வாங்குவோம். சிலர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பிப் போவார்கள். அதுவும் நாம் செய்த உதவிதான்.

அந்த விவசாயி இப்போது கடை வைக்கவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூவரோடு சேர்ந்து, ஒரே பெயரில் தூள் மட்டும் விற்கிறார். அவரிடம் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. போன அறுவடையில் பழம் பறித்தவர்களுக்கு வாராவாரம் சனிக்கிழமை கூலி கொடுத்ததாகச் சொன்னார்.