பெயரும் பொருளும்: சுபிரா



ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் லாமு, மொம்பாசா, ஸான்ஸிபார் முதலிய ஊர்களில் வாழும் முஸ்லிம்களின் மொழி ஸ்வாஹிலி. கடற்கரைகள் எனப் பொருள்படும் ‘ஸவாஹில்’ என்னும் அரபுச் சொல்லே அதன் பெயருக்கு மூலம். அரபு வணிகர்களோடு பல நூற்றாண்டுகள் பழகிய அம்மக்கள், அரபுச் சொற்கள் பலவற்றைத் தம் நாவுக்கு ஏற்ப வளைத்துக் கொண்டனர். ‘ரஹ்மத்’ அங்கே ‘ரெஹெமா’ ஆயிற்று. ‘ஸப்ர்’ ‘சுபிரா’ ஆயிற்று. இரண்டையும் பெண்மக்களுக்குப் பெயராகச் சூட்டுகின்றனர்.

சுபிரா என்றால் பொறுமை. அதே வேரிலிருந்து வந்த ‘சுபிரி’ என்னும் ஏவல், அன்றாடப் பேச்சில் ‘காத்திரு’ என்று பொருள்படும். பொறுமையும் காத்திருப்பும் அம்மொழியில் ஒரே கொடியில் பூத்த இரு மலர்கள். ஆதலால் பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்றும் இப்பெயருக்கு விளக்கம் கூறுவர். நெடுநாள் ஏங்கிப் பெற்ற மகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

அந்நாட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. பிள்ளை பெற்றவளை, அப்பிள்ளையின் பெயரோடு ‘மாமா’ என்னும் சொல்லை முன்சேர்த்து அழைப்பர். அங்கே ‘மாமா’ என்றால் தாய். ஆகவே மகளுக்குச் சுபிரா எனப் பெயரிட்டவள், ‘மாமா சுபிரா’ ஆகிறாள். மகளுக்கு இட்ட பெயர், காத்திருந்த தாய்க்கே சிறப்புப் பெயராகத் திரும்பி வருகிறது!

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. ‘ஸபுர் செய்’ என்பது நம் இல்லங்களிலும் வழங்கும் சொல்தான். ஆனால் அது பெரும்பாலும் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது? புகுந்த வீட்டில் துன்புறும் பெண்ணை நோக்கியல்லவா! வழிபாட்டில் நிலைத்திருத்தல், பாவத்தினின்று தன்னைத் தடுத்தல், சோதனையில் கலங்காதிருத்தல் என ஸப்ரை மூவகையாக அறிஞர்கள் வகுத்துள்ளனர். அநீதியைக் கண்டு வாய்மூடியிருத்தல் அவற்றுள் இல்லை. தம் கணவர் இழைத்த அநீதியைக் குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே வாதிட்ட கவ்லா (ரலி) அவர்களின் முறையீட்டை அல்லாஹ் செவியேற்றதாக, 58ஆம் அத்தியாயமாகிய முஜாதலா தொடங்குகிறதே!

சுபிரா என்னும் பெயர் பெற்றோரின் பொறுமைக்குச் சான்று. மகளின் தலையில் ஏற்றிய சுமையன்று. பெண் குழந்தைக்கு எப்பெயரைச் சூட்டினாலும், அவள் குறையைச் சொல்ல வரும்போது செவிசாய்க்கும் பொறுமை முதலில் நமக்கு வாய்க்கட்டும்.